இணையவழி ஸ்டீராய்டு மருந்துச் சீட்டு: இந்தியச் சட்டமும் அந்தரங்கமும்

இணையவழி ஸ்டீராய்டு மருந்துச் சீட்டு என்பது, ஸ்டீராய்டு வகை மருந்துகளை வாங்குவதற்காகக் கைபேசி அல்லது கணினி வழியே மருத்துவரிடம் பெறும் சீட்டையும், நேரில் பெற்ற சீட்டைப் படமெடுத்து இணைய மருந்தகத்துக்கு அனுப்புவதையும் குறிக்கும். இந்தியாவில் இவ்வகை மருந்துகளைச் சீட்டு இல்லாமல் சில்லறையில் விற்பது குற்றம். விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1945-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவை காகிதத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காகிதம் படமாக மாறியதும் இரண்டு சிக்கல்கள் ஒன்றாக முளைத்தன. ஒரே சீட்டைப் பல முறை, பல இடங்களில் பயன்படுத்த முடிகிறது. அந்தச் சீட்டில் எழுதியிருக்கும் நோயின் விவரம் நோயாளிக்குத் தெரியாத கைகளுக்கும் போய்ச் சேர்கிறது.

எந்த ஸ்டீராய்டு?

பேச்சுவழக்கில் ‘ஸ்டீராய்டு’ என்ற ஒரே சொல் இரண்டு வேறுபட்ட மருந்துக் குடும்பங்களைக் குறிக்கிறது. முதலாவது கார்ட்டிகோஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற மாத்திரைகளும் ஊசிகளும், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற தோல் களிம்புகளும் இதில் அடங்கும். ஆஸ்துமா, மூட்டுவாதம், சிறுநீரக நோய், தோல் அழற்சி எனப் பலவற்றுக்கும் இவை தேவைப்படுகின்றன. இரண்டாவது, தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு. டெஸ்டோஸ்டிரோன், நான்ட்ரோலோன் ஆகியவை இந்த வகை. இயக்குநீர்க் குறைபாடு உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் தரும் இம்மருந்துகளை, உடற்பயிற்சிக் கூடங்களில் உடம்பைத் திரட்டும் ஆசையில் தாமாகவே ஊசி போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

இரண்டு குடும்பங்களும் இந்திய மருந்து விதிகளின் ‘அட்டவணை எச்’ என்னும் பட்டியலில் உள்ளன. இந்தப் பட்டியலில் உள்ள மருந்தின் உறையில் ‘ஆர்எக்ஸ்’ குறியும், பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே சில்லறையில் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கும். எச்சரிக்கை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருப்பதால் வாங்குபவர்களில் பலர் அதைப் படிப்பதில்லை.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு மருத்துவக் காரணம் வலுவானது. கார்ட்டிகோஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டால் இரத்தச் சர்க்கரை உயரும், எலும்பு வலுவிழக்கும், தொற்றை எதிர்க்கும் ஆற்றல் குறையும். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் தம் வேலையை நிறுத்திக்கொள்வதால், மருந்தைத் திடீரென விட்டாலும் உயிருக்கே ஆபத்து நேரலாம். அதாவது தொடங்குவதற்கு மட்டுமல்லாமல் நிறுத்துவதற்கும் மருத்துவர் வேண்டும். அனபாலிக் வகையை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ளும்போது உடல் தன் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. விந்தணு குறைந்து மலட்டுத்தன்மை வரலாம், ஆண்களுக்கு மார்பகம் பெருக்கலாம், இதயமும் ஈரலும் பாதிக்கப்படலாம்.

களிம்புகளுக்கு இருந்த விலக்கு

தோலில் பூசும் ஸ்டீராய்டு களிம்புகள் பல ஆண்டுகள் அட்டவணை எச்சின் பிடிக்குள் வராமலேயே இருந்தன. வெளிப்பூச்சு மருந்துகளுக்குப் பொதுவாகத் தரப்பட்டிருந்த ஒரு விலக்கே காரணம். இந்த இடைவெளியில் அவை படர்தாமரைக்கும் தேமலுக்கும் மங்குக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்பழகுக்கும் என்று கடைகளில் தாராளமாக விற்கப்பட்டன. பூசிய சில நாட்களில் முகம் வெளுத்துப் பளபளக்கும், அரிப்பு அடங்கும். பிறகு தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் கிளம்பும், பெண்களின் முகத்தில் முடி வளரும். பயந்து நிறுத்தினால் எரிச்சல் முன்னைவிடக் கூடுவதால் மறுபடியும் அதே களிம்பைத் தேடி ஓட வேண்டியிருக்கும். படர்தாமரையின் மேல் பூசினால் பூஞ்சை சாவதில்லை, உருவம் மாறிப் பரவுகிறது.

தோல் மருத்துவர் சங்கத்தினரின் தொடர் வலியுறுத்தலுக்குப் பின், 2018 மார்ச் மாதம் மத்திய அரசு விதியைத் திருத்தி 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்சுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது, ஸ்டீராய்டு கலந்த பல தோல் களிம்புகளும் அதில் சிக்கின. சட்டம் மாறினாலும் பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. தெரு முனைக் கடையில் கேட்டு வாங்கிய அதே பெயரை இப்போது தேடுபொறியில் தட்டச்சு செய்து வாங்குகிறார்கள்.

சட்டத்தின் பார்வையில் சீட்டு

1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் 1945-இல் வகுக்கப்பட்ட விதிகளில் 65-ஆவது விதி இங்கு முக்கியமானது. சீட்டு எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவர் தம் வழக்கமான கையொப்பமும் தேதியும் இட வேண்டும். நோயாளியின் பெயரும் முகவரியும், தர வேண்டிய மருந்தின் மொத்த அளவும், ஒரு வேளைக்கு எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும். பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் மருந்து வழங்கப்பட வேண்டும்.

பலரும் அறியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. மருத்துவர் சீட்டிலேயே மறுபடி தரலாம் என்று குறிப்பிட்டிருந்தால் ஒழிய, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். மருந்து கொடுத்த கடைக்காரர், தம் கடையின் பெயர், முகவரி, கொடுத்த நாள் ஆகியவற்றை மருத்துவரின் கையொப்பத்துக்கு மேலே எழுத வேண்டும். அடுத்த கடைக்காரர் அந்தக் குறிப்பைப் பார்த்து மறுப்பார் என்பதே விதியின் எதிர்பார்ப்பு.

இதைக் கைபேசிப் படத்துக்குப் பொருத்திப் பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். ஒரு தளத்துக்கு அனுப்பிய படத்தில் அந்தத் தளம் எந்தக் குறிப்பை எழுதினாலும், நோயாளியின் கைபேசியில் இருக்கும் மூலப்படம் அப்படியே புதிதாக இருக்கும். ஒரு வாரத்துக்கு என்று எழுதப்பட்ட பிரெட்னிசோலோன் சீட்டைக் கொண்டு நான்கு தளங்களில் நான்கு முறை வாங்கலாம். இதில் எந்தத் தளமும் தெரிந்தே தவறு செய்திருக்க வேண்டியதில்லை. கடைகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் பொது ஏற்பாடு இல்லாதவரை இந்த ஓட்டை அடைபடாது. அத்தகைய ஏற்பாடு வந்தாலோ, நாட்டில் யார் என்ன மருந்து வாங்குகிறார் என்ற முழுப் பட்டியலும் ஓரிடத்தில் சேர்ந்துவிடும்.

உரிமம் இல்லாமல் மருந்து விற்பவருக்குச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கிறது. இந்தச் சட்டத்தின் தண்டனைகள் தயாரிப்பவரையும் விற்பவரையும் நோக்கியவை. தனக்கென வாங்கிப் பயன்படுத்துபவரை நோக்கியவை அல்ல. ஆனால் சீட்டின் தேதியையோ அளவையோ கணினியில் திருத்தி அனுப்பினால் அது பொய்யாவணம் புனைந்த குற்றமாகும். மின்னணு ஆவணங்களுக்கும் இது பொருந்தும்.

அமெரிக்கா இதில் வேறு பாதையில் சென்றது. அங்கே 1990-ஆம் ஆண்டுச் சட்டம் அனபாலிக் ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தப்பட்ட போதைப் பொருட்களின் மூன்றாம் அட்டவணையில் சேர்த்தது. சீட்டின்றி வைத்திருப்பதே குற்றம். இணையத்தில் வாங்கிய வலிநிவாரணியால் 2001-இல் இறந்த ரையன் ஹெய்ட் என்ற 18 வயது இளைஞரின் பெயரால் 2008-இல் வந்த சட்டம், இத்தகைய மருந்துகளை இணையவழி எழுதித் தரும் முன் மருத்துவர் குறைந்தது ஒரு முறையாவது நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றது. கோவிட் காலத்தில் அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. இந்தியாவில் அனபாலிக் ஸ்டீராய்டு போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருவதில்லை. முகத்தில் பூசும் களிம்புக்கு உள்ள அதே அட்டவணை எச்தான் அதற்கும்.

மருத்துவர் பார்க்காமல் எழுதலாமா?

2020 மார்ச் 25 அன்று, ஊரடங்கு தொடங்கிய நாளிலேயே, தொலை மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடப்பட்டன. அதுவரை மங்கலாக இருந்த ஒரு பகுதிக்கு இவை முதன்முதலாக எல்லை கீறின. மருந்துகள் பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டன. ‘ஓ’ பட்டியலில் உள்ள பாதுகாப்பான பொது மருந்துகளை எந்த வழியில் ஆலோசித்தாலும் எழுதலாம். ‘ஏ’ பட்டியலில் உள்ளவற்றை முதல் ஆலோசனையில் எழுத வேண்டுமானால் காணொளி கட்டாயம். ‘பி’ பட்டியல், ஏற்கெனவே நேரில் பார்த்துச் சிகிச்சை தொடங்கிய அதே நோய்க்கான தொடர் ஆலோசனைக்கு உரியது. அட்டவணை எக்ஸ் மருந்துகளும் போதை மருந்துகளும் தொலைவழியில் அறவே கூடாது.

ஸ்டீராய்டுகள் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆகவே தொலைவழியில் ஸ்டீராய்டு எழுதுவதே சட்டவிரோதம் என்று சிலர் கூறுவது சரியல்ல. ஆனால் முன்பின் பார்த்திராத ஒருவர் குறுஞ்செய்தியில் கேட்டார் என்பதற்காக எழுதித் தருவது வழிகாட்டுதலுக்குள் அடங்காது. நோய் என்னவென்று முறையாகவோ உத்தேசமாகவோ கணிக்காமல் மருந்து எழுதுவது தொழில்முறை ஒழுங்கீனம் என்று அந்த ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தானே ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது. நோயாளி சிறுவர் என்றால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

நடைமுறையில் உராய்வு ஏற்படுவது, மருந்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சீட்டு இல்லை என்று சொன்னால் தளமே ஒரு மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வைக்கும் ஏற்பாட்டில்தான். வழக்கமான வரிசை நோயில் தொடங்கி மருந்தில் முடியும். இங்கே மருந்து முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது, அதற்கேற்ற நோய்தான் தேவைப்படுகிறது. உரையாடல் இரண்டு நிமிடம் நடந்தாலும் இருபது நிமிடம் நடந்தாலும், அந்தச் சீட்டுக்குப் பொறுப்பு கையொப்பமிட்ட மருத்துவருடையது.

இணைய மருந்தகங்களும் நீதிமன்றங்களும்

பழைய விதிகளில் ‘இணைய மருந்தகம்’ என்ற ஒன்றே கிடையாது. உரிமம் ஒரு குறிப்பிட்ட கட்டடத்துக்கு வழங்கப்படுவது. தாங்கள் விற்பவர்கள் அல்லர், உரிமம் பெற்ற கடையையும் வாடிக்கையாளரையும் இணைக்கும் இடைநிலையாளர்கள் மட்டுமே என்பது இணைய நிறுவனங்களின் வாதம். சில்லறை மருந்து வணிகர்கள் இதை ஏற்பதில்லை.

2018 ஆகஸ்ட் 28 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் இணைய மருந்தகங்களுக்கான வரைவு விதியை வெளியிட்டது. மத்திய உரிமம் வழங்கும் அதிகாரியிடம் பதிவு, சீட்டை மருந்தாளுநர் சரிபார்த்தல், நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காத்தல், தரவை இந்தியாவுக்குள்ளேயே வைத்தல் ஆகியவை அதில் இருந்தன. அதே டிசம்பர் 12 அன்று, தோல் மருத்துவர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கில் உரிமமற்ற இணைய மருந்து விற்பனைக்குத் தில்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. ஐந்து நாள் கழித்து, தமிழ்நாடு மருந்து வணிகர் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, 2019 ஜனவரி 31-க்குள் விதியை அறிவிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டு, அதுவரை இணைய விற்பனை கூடாது என்றார். சில வாரங்களுக்குள் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்திவைத்தது.

ஜனவரி 31 வந்து போனது. ஆண்டுகள் பல கடந்தும் வரைவு விதி இறுதி வடிவம் பெறவில்லை. இடையில் 2020 மார்ச் 26 அன்று, உரிமம் பெற்ற சில்லறைக் கடைகள் மின்னஞ்சலில் வரும் சீட்டுக்கு அட்டவணை எச் மருந்துகளை அதே வருவாய் மாவட்டத்துக்குள் வீட்டு வாசலில் சேர்க்கலாம் என்று பெருந்தொற்றை முன்னிட்டு ஓர் ஆணை வந்தது. நாட்பட்ட நோய்க்கான சீட்டு 30 நாளுக்குள்ளும், திடீர் நோய்க்கானது 7 நாளுக்குள்ளும் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. மாவட்ட எல்லைக்குள் ஒரு கடை என்று நினைத்து எழுதப்பட்ட இந்த ஆணையை, மாநிலம் தாண்டி மருந்து அனுப்பும் நிறுவனங்களும் தங்களுக்கு ஆதரவாகக் காட்டின. 2023 பிப்ரவரியில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் இணைய மருந்து நிறுவனங்கள் பலவற்றுக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது.

படத்தில் என்னென்ன இருக்கிறது?

தொலை மருத்துவ வழிகாட்டுதலின் மாதிரிச் சீட்டில் நோயாளியின் பெயர், வயது, பாலினம், முகவரி ஆகியவற்றோடு, அவர் சொன்ன தொந்தரவு, பரிசோதனை விவரம், நோய்க்கணிப்பு ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. சட்டப்படி முழுமையான சீட்டாக இருக்க இருக்க, அது நோயாளியை அதிகமாகக் காட்டிக்கொடுக்கும். முகவரியை மறைத்து அனுப்பினால் 65-ஆவது விதி நிறைவேறாது. மறைக்காமல் அனுப்பினால் முழுக் கதையும் போய்ச் சேரும். கடை மேசையில் நீட்டிய காகிதம் இரண்டு நிமிடத்தில் சட்டைப்பைக்குத் திரும்பிவிடும். அனுப்பிய படம் திரும்பி வராது.

ஸ்டீராய்டு மருந்தின் பெயரே பல செய்திகளைச் சொல்லிவிடக்கூடியது. தொடர்ந்து பிரெட்னிசோலோன் வாங்குபவருக்கு நாட்பட்ட நோய் இருக்கிறது என்று ஊகிக்கலாம். டெஸ்டோஸ்டிரோன் ஊசி வாங்குபவர் இயக்குநீர்க் குறைபாடு உள்ளவராகவோ, பாலினம் மாறும் சிகிச்சையில் இருப்பவராகவோ, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞராகவோ இருக்கலாம். இவற்றுள் எதையும் ஊரறியச் சொல்ல ஒருவர் விரும்பமாட்டார். பெண் பார்க்கும் வீட்டிலும் வேலை தரும் இடத்திலும் காப்பீட்டு அலுவலகத்திலும் இந்தச் செய்திக்கு விலை உண்டு.

கசிவு என்றதும் கணினித் திருடர்களே நினைவுக்கு வருகிறார்கள். அன்றாடக் கசிவு அதைவிட எளியது. குடும்பமே பகிர்ந்துகொள்ளும் கைபேசியில், மருந்து தீரும் நேரம் வந்துவிட்டது, மறுபடி வாங்குங்கள் என்று மருந்தின் பெயரோடு ஒரு குறுஞ்செய்தி வந்தால் போதும். தெருக் கடைக்குப் புலனத்தில் அனுப்பிய சீட்டுப் படமும் கடைப் பையனின் கைபேசியில் மாதக்கணக்கில் கிடக்கும். இந்த வகையில் பெரிய நிறுவனத்துக்கும் சிறிய கடைக்கும் வேறுபாடு குறைவே.

தரவுச் சட்டங்கள்

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உடல்நலத் தரவைத் தனியாகக் காக்க 2018-இல் ஒரு வரைவுச் சட்டம் வெளியிடப்பட்டது. மருத்துவத் தரவைக் காப்பீட்டு நிறுவனங்களும் வேலை தருபவர்களும் மருந்து நிறுவனங்களும் எக்காரணம் கொண்டும் பெறக்கூடாது என்ற கண்டிப்பான பிரிவு அதில் இருந்தது. அந்த வரைவு சட்டமாகவில்லை. உடல்நலத்துக்கென்று எழுதப்பட்டவற்றுள் வலுவானது அதுவே எனலாம்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லா வகைத் தரவுக்கும் பொதுவானது. அதன் இரண்டு எடுத்துக்காட்டுகள் நம் பொருளுக்கு மிக அருகில் நிற்கின்றன. ஒன்றில், தொலை மருத்துவச் செயலி ஒன்று சிகிச்சைக்கான ஒப்புதலோடு தொலைபேசித் தொடர்புப் பட்டியலுக்கும் ஒப்புதல் கேட்கிறது. பெண் ஒருவர் இரண்டுக்கும் சரி என்கிறார். பட்டியல் சிகிச்சைக்குத் தேவையில்லை என்பதால் அவருடைய ஒப்புதல் சிகிச்சையளவிலேயே நிற்கும் என்கிறது சட்டம். மற்றொன்றில், மருந்தகத்தில் வாங்கியவர் பணம் பெற்றதற்கான ரசீதைக் கைபேசிக்கு அனுப்பச் சொல்கிறார். மருந்தகம் அந்த எண்ணை ரசீதுக்காகப் பயன்படுத்தலாம். அதே எண்ணுக்குப் புதிய களிம்பின் விளம்பரத்தை அனுப்புவது அந்த நோக்கத்தில் சேராது என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பதினேழு வயதில் உடம்பை ஏற்ற நினைக்கும் மாணவர் வயதைக் கூட்டிப் போட்டு நுழையும்போது இந்தப் பிரிவு எந்த அளவுக்குக் காக்கும் என்பது ஐயமே. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஒரு குறை கவனிக்கத்தக்கது. 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவுகளை ‘உணர்திறன் மிக்க’ தரவு எனத் தனியே பிரித்திருந்தன. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவினை இல்லை; டெஸ்டோஸ்டிரோன் வாங்கியதும் தேங்காய் எண்ணெய் வாங்கியதும் அதன் கண்ணுக்கு ஒரே வகைத் தரவு. இச்சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பதால், அதுவரை 2011 விதிகளே நோயாளிக்குத் துணை.

அதிகாரிகளும் விளையாட்டு அமைப்பும்

மருந்து ஆய்வாளருக்குக் கடையைச் சோதிக்கவும் பதிவேடுகளைப் பார்க்கவும் கைப்பற்றவும் 1940 சட்டத்தின் 22-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. சீட்டில்லா விற்பனையைப் பிடிக்க இதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பதிவேட்டில் முறையாக வாங்கிய நோயாளிகளின் பெயர்களும் இருக்கும். மருத்துவருக்கு இரகசியக் கடமை உண்டு என்றாலும் அது முழுமுற்றானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1998-இலேயே கூறியுள்ளது. மறுபக்கம், தம் மருத்துவப் பதிவைக் கேட்கும் நோயாளிக்கு 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும் என 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் மருத்துவரைப் பணிக்கின்றன. இணையவழியில் பார்த்த மருத்துவருக்கும் இது பொருந்தும்.

போட்டிகளில் பங்கேற்கும் வீரர்களுக்கு நிலை வேறு. அனபாலிக் ஸ்டீராய்டுகள் அவர்களுக்கு எக்காலத்திலும் தடை. கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசிகளும் மாத்திரைகளும் போட்டிக் காலத்தில் தடை. மருத்துவர் எழுதிக் கொடுத்தார் என்ற சீட்டு மட்டும் அவர்களைக் காப்பாற்றாது. சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு என்ற அனுமதியைத் தனியாகப் பெற வேண்டும். அதற்கு நோய்க்கணிப்பும் பரிசோதனை முடிவுகளும் ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் மருத்துவக் குழுவிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். இரண்டு நிமிடத் தொலைபேசி உரையாடலில் கிடைத்த சீட்டுக்குப் பின்னால் அத்தகைய ஆவணங்கள் எதுவும் இருப்பதில்லை.